மந்திரி வேஷம் எதற்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள தோழருக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்துகிற விவாதப் பயிற்சியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அங்கே வருகிறவர்களில் ஒருத்தி என் பேத்தி. நான் கொருக்குப்பேட்டைக்காரன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கடைசி நாள் வரைக்கும் சங்கத்தில் இருந்தவன். அதனால் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு போட்டியில் பேத்தி பேசினாள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டுமா என்பது தலைப்பு. அவள் மாநகராட்சி ஆணையராம். "எங்கள் திட்டம் இது, இன்ன சட்டத்தின் கீழ் செய்வோம், இத்தனை வருஷத்தில் முடிப்போம்" என்று பேசிப் பரிசும் வாங்கினாள். காற்று திரும்பினால் எங்கள் வீட்டுக்குள் அந்தக் குப்பைமேட்டு வாடைதான். 2025இல் எரியுலை வேண்டாம் என்று மனிதச் சங்கிலி நடந்தபோது நான் நின்றேன், அவளும் என் பக்கத்தில் நின்றாள். அதே பிள்ளை இப்போது மேடையில் எரியுலை கட்டுகிறாள்.

இந்த வேஷத்தால் யாருக்கு என்ன பலன்? மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் யாராவது இதைக் கேட்கிறார்களா? கைதட்டி முடித்ததும் அந்தத் திட்டம் எங்கே போகிறது? இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. முந்தாநாள் வாடை தாங்காமல் நான் திட்டிக்கொண்டிருந்தேன். "தாத்தா, கார்ப்பரேஷனுக்கும் நிதிப் பற்றாக்குறை இருக்கு" என்கிறாள். அதிகாரி பேசுகிற பேச்சு என் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. அடுத்த போட்டியில் ஆலை வேண்டாம் என்று பேசப் போகிறாளாம். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. நாங்கள் அப்படி வளரவில்லை. தெருவில் நின்று கேட்கிற பழக்கத்தை இந்த விளையாட்டு கெடுத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. பதில் எழுதுங்கள். என் பெயர் வேண்டாம், பேத்திக்குச் சங்கடம்.

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தோழருக்கு,

"நிதிப் பற்றாக்குறை" என்ற சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். அதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. சுட வேண்டிய சொல்தான். குப்பை வாடையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவிடம் ஒரு பிள்ளை சொல்லத்தக்க பதில் அது இல்லை. ஆனால் அடுத்த முறை அவள் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள். "எந்தக் கணக்குத் தலைப்பில் பற்றாக்குறை?" என்று கேளுங்கள். நாங்கள் பயிற்சி நடத்துகிற மாடியில் அந்தச் சொல்லோடு யாரும் உட்கார்ந்துவிட முடியாது. எதிரே இருக்கிற பையன் எழுந்து, குப்பை அள்ளுவதற்குப் போன வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே என்று கேட்பான். மாநகராட்சி பட்ஜெட் புத்தகத்தை வாசித்துவிட்டு வந்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் பேத்தி பாதிப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாள். மீதிப் பாதியை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

சரி, வேஷத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேஷத்தை முதலில் நினைவுபடுத்துகிறேன்.

என் அப்பா பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முந்தின ராத்திரி சங்கத்து ஆட்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்து ஓய்ந்துபோவாள். அவர்களில் ஒருவர், ஸ்பின்னிங் பிரிவில் இருந்த மெலிந்த மனிதர், எப்போதும் மேனேஜர் ஆவார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போடுவார்கள், மற்றவர்கள் பாயில். அப்பா கோரிக்கைப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிப்பார். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் தட்டிவிடுவார். "பஞ்சு விலை ஏறியிருக்கு தெரியுமா?" "பஞ்சப்படியை உயர்த்தினா எந்த ஷிஃப்ட்டை மூடறது, நீயே சொல்லு." அவர் பேசுகிற வேகத்தில் எனக்கு அழுகையே வரும், நிஜமாகவே அவர் அப்பாவைத் திட்டுகிறார் என்று. ஒருநாள் அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது கோரிக்கையில் கணக்கு உதைத்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அடித்து மாற்றி எழுதினார்கள். மறுநாள் லேபர் ஆபீசில், அதிகாரி முன்னால் இரண்டு தரப்பும் போட்ட 12(3) ஒப்பந்தத்தில், அந்தக் கோரிக்கை நின்றது.

நீங்களும் துறைமுகத்தில் இதைச் செய்திருப்பீர்கள். செய்யாத சங்கத்தை நான் பார்த்ததில்லை. 1918இல் மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கிய மண் நம்முடையது. எதிராளியின் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பதை நம் ஆட்கள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த அந்த மெலிந்த மனிதர் முதலாளி பக்கம் போய்விட்டார் என்று யாரும் சந்தேகப்படவும் இல்லை.

கல்லூரி விவாதப் போட்டிகளில் நடப்பது அந்தத் திண்ணை ராத்திரியின் வளர்ந்த வடிவம்தான். அமெரிக்காவில் இதைக் கொள்கை விவாதம் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கொண்ட அணிகள், ஒரு வருஷம் முழுக்க ஒரே தலைப்பு. தலைப்பு பெரும்பாலும் "அமெரிக்க மத்திய அரசு இன்னதைச் செய்ய வேண்டும்" என்றே இருக்கும். ஆதரிக்கிற அணி வெறும் ஆசையைச் சொல்லிவிட்டு உட்கார முடியாது, திட்டம் வைக்க வேண்டும். இப்போது என்ன கெடுதல் நடக்கிறது, ஏன் அது தானாகச் சரியாகவில்லை, உங்கள் திட்டம் வந்தால் எப்படிச் சரியாகும் என்று மூன்றையும் காட்ட வேண்டும். எதிர் அணி, அந்தத் திட்டத்தால் வேறெங்கே என்ன கெடும் என்று காட்டும், அல்லது மாற்றுத் திட்டம் வைக்கும். நடுவில் குறுக்குக் கேள்விகள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு, 'ஃபியட்' என்பார்கள். லத்தீனில் 'ஆகட்டும்' என்று பொருள். இந்தத் திட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டு விழுமா, கட்சிகள் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் வாதாடக் கூடாது. நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நடந்தால் என்ன ஆகும், நடக்க வேண்டுமா என்று மட்டும் பேச வேண்டும். நீங்கள் கேட்டீர்களே, கைதட்டி முடித்ததும் திட்டம் எங்கே போகிறது என்று. எங்கேயும் போவதில்லை, அது முதலிலேயே தெரிந்து செய்வதுதான். "இதெல்லாம் எங்க நடக்கப் போவுது" என்று நாம் சொல்கிறோமே, நம் தெருவில் எத்தனை பேச்சு அந்த இடத்தில் முறிந்துபோகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்தால்தான் அதற்கு அடுத்த கேள்விக்கே போக முடிகிறது. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும்.

எனக்கு அந்த வயதில் அது கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். தெரு சார்பில் மனு எழுதுவது என் வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். "சமூகத்திற்கு உயர்திரு" என்று தொடங்கி, "ஆவன செய்யுமாறு" என்று முடிப்பேன். மூன்று வருஷம் ஒரே அலுவலகத்தில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வாங்கி வைத்தார்கள். மூன்றாவது வருஷம்தான் அங்கிருந்த ஒரு இன்ஜினியர் சொன்னார், "தம்பி, இது எங்க வேலையே இல்ல." மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய் 1978 சட்டத்தில் உருவான குடிநீர் வாரியம். தண்ணீர் போய்ச் சேருகிற பக்கிங்காம் கால்வாய் அன்றைக்குப் பொதுப்பணித் துறை. வடிகாலில் கழிவுநீர் கலந்து, கால்வாயும் தூர்ந்திருந்தால் மூன்று பேரும் ஒரே நாளில் வந்து நின்றால்தான் தெரு வடியும். நான் எழுதின மனுவில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, தோழர். ஆனால் யாரிடம், எதை, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அந்த மூன்று வருஷத் தண்ணீரில் எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது என்று எனக்குத் தெரியும். இன்னும் அது ஆறவில்லை.

மனு எழுதுகிறவன் ஒரு பக்கம், கோப்பில் கையெழுத்துப் போடுகிறவன் இன்னொரு பக்கம். நம் பிள்ளைகள் மனுப் பக்கத்தில் மட்டுமே நின்று பழகியவர்கள். கோப்பு எந்த மேஜையில் இருந்து எந்த மேஜைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, யார் ஒரு வரி எழுதினால் நகரும் என்பதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜைப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. அப்பா ஐ.ஏ.எஸ்., மாமா வக்கீல். நம் பிள்ளைகளுக்கு அதை யாராவது உட்காரவைத்துக் காட்டினால்தான் உண்டு. மந்திரி வேஷம் அதற்குத்தான்.

இப்போது கொடுங்கையூர். நீங்கள் மேடையில் பார்த்தது ஏழு நிமிஷப் பேச்சு. அதற்கு முன்னால் எங்கள் மாடியில் ஆறு வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

சுமார் 340 ஏக்கர் குப்பைமேடு அது. எரியுலை வேண்டும் என்று பேசும் அணி முதல் வாரம் நன்றாகத் தயாராக வந்தது. இடம் மிச்சமாகும், மின்சாரம் கிடைக்கும், மேட்டில் தீப்பிடித்து ஊரே புகையில் கிடப்பது நிற்கும் என்றார்கள். எதிர் அணிக்குப் புகை, நச்சு, நுரையீரல் தவிர வேறு பேச்சு இல்லை. அதில் பொய் இல்லை, ஆனால் "புகையைச் சுத்தம் பண்ற கருவி போடுவோம்" என்றதும் அடங்கிவிட்டார்கள்.

அந்த அணியில் காசிமேட்டுப் பெண் ஒருத்தி. அடுத்த வாரம் இரண்டு கட்டைப் பைகளோடு மாடி ஏறி வந்தாள். தன் வீட்டுக் குப்பையை ஒரு நாள் முழுக்கத் தனித்தனியாகப் போட்டு, அம்மா மீன் விற்கிற தராசில் நிறுத்திருக்கிறாள். ஈரப் பையில் நெத்திலித் தலை, காய்கறித் தோல், சோற்று மிச்சம், டீத்தூள். தூக்கினால் கை இழுத்தது, அடியில் தண்ணீர் சொட்டியது. மற்றதில் பால் கவர், பிஸ்கெட் தாள், ஒரு கிழிந்த செருப்பு. காற்றில் பறந்துவிடும் போல் இருந்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் எரிதிறன் உள்ள குப்பையைப் புதைக்கக் கூடாது, எரிசக்திக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஈரப் பையைத் தூக்கிக் காட்டி, "இது எரியாது. இதை எரிக்கணும்னா வேற எதையாவது ஊத்தித்தான் எரிக்கணும்" என்றாள். 1980களில் டென்மார்க் உதவியோடு டெல்லி திமார்பூரில் கட்டிய எரியுலை இந்தக் காரணத்தால்தான் கொஞ்ச நாளிலேயே நின்றுபோனது என்பதையும் கண்டுபிடித்து வந்திருந்தாள்.

ஆதரவு அணி விடவில்லை. "பிரிச்சு அனுப்பினா எரியும்" என்றார்கள். அப்போது அவள் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்காது. "எல்லா வீட்டுலயும் பிரிச்சுட்டா, ஈரம் உரமாயிடும். பாட்டிலும் அட்டையும் காயலான் கடைக்குப் போயிடும். அப்புறம் உங்க உலைக்கு என்ன மிச்சம் இருக்கும்? தினமும் இவ்வளவு டன் வேணும்னு கட்டின உலைக்கு எங்க தெருவுல இருந்து குப்பை குறையவே கூடாதுன்னு ஆயிடாதா?" ஆதரவு அணிப் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், நானும்தான். ஆனால் அதற்கடுத்த வாரம் அந்தப் பையன் திரும்பி வந்தான். மேட்டில் ஏற்கெனவே கிடக்கிற பழைய குப்பையை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். பயோமைனிங் என்றாள் அவள், தோண்டிச் சலித்துப் பிரிக்கிறது. "பிரிச்ச பிறகு வர பிளாஸ்டிக், துணி எல்லாம் சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தானே போகுது? அரியலூர்ல எரிஞ்சா பரவாயில்லையா? அங்க இருக்கிறவங்களுக்கு மூச்சு இல்லையா?"

மாடியில் யாரும் பேசவில்லை. கீழே டீக்கடை ரேடியோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வெகுநேரம் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல, கண்டுபிடிச்சுட்டு வரேன்" என்றாள்.

தோழர், "எங்கள் ஊருக்கு வேண்டாம்" என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலைகளின் புகை, நகரத்துப் பாதிக் குப்பை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட வட சென்னைக்கு அந்த உரிமை மற்ற எல்லாரையும்விட அதிகம். ஆனால் நாம் வேண்டாம் என்று தள்ளுகிற பொருள் இன்னொரு தொழிலாளி வீட்டு வாசலில் போய் விழுகிறதா என்று பார்க்கிற கடமையும் நமக்கு உண்டு, சங்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கட்டாயம் உண்டு. மனிதச் சங்கிலியில் கைகோத்து நிற்கும்போது அந்தக் கேள்வி வராது, வரவும் கூடாது, அது நிற்கவேண்டிய நேரம். ஆணையர் நாற்காலியில் உட்காரும்போது வந்தே தீரும், அரியலூரும் அவர் அனுப்புகிற லாரி போய்ச் சேருகிற இடம்தானே.

இரண்டு பக்கமும் பேசுவது கொள்கை இல்லாத பேச்சு என்கிறீர்கள். இதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் தேசிய விவாதப் போட்டி 1947இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தொடங்கியது. 1954இல் கல்லூரிகளுக்கான வருஷத் தலைப்பு, கம்யூனிஸ்ட் சீனாவின் அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது. செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய காலம். சிவப்பு என்று சந்தேகம் வந்தாலே வேலை போகும். வெஸ்ட் பாயின்ட்டும் அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரியும் தங்கள் மாணவர்கள் அந்தத் தலைப்பில் பேசக் கூடாது என்று தடுத்துவிட்டன. ஆனால் மற்ற பல கல்லூரிகளின் பிள்ளைகள் பேசினார்கள். ஒரு சுற்றில் எதிர்த்துப் பேசியவன் அடுத்த சுற்றில் ஆதரித்துப் பேசியாக வேண்டும், சீனாவை அங்கீகரி என்று ஊரறியச் சொல்லியாக வேண்டும். சொந்தக் கருத்து வேறு, இங்கே எடுத்துக்கொண்ட பக்கம் வேறு என்ற விதிதான் அவர்களுக்கு அன்றைக்குக் கவசம். இரண்டு பக்கமும் பேசும் பழக்கத்தைக் கண்டு அன்று பயந்தது யார் என்று பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வராது. அதே அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பலர் நீங்கள் கேட்கிற கேள்வியையே கேட்டார்கள். எங்களைக் கணக்கிலேயே எடுக்காத அரசாங்கத்தின் குரலில் நாங்கள் ஏன் பேச வேண்டும் என்றார்கள். 2013இல் எம்போரியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இரண்டு கறுப்பின மாணவர்கள், எரிசக்தி பற்றிய அந்த வருஷத் தலைப்பில் வழக்கமான அரசாங்கத் திட்டம் எதையும் வைக்காமல், தங்கள் வாழ்க்கையையும் இந்த விவாத அரங்கில் தங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பேசினார்கள். இரண்டு பெரிய தேசியப் போட்டிகளையும் ஒரே வருஷத்தில் வென்றார்கள். அதுவரை எந்த அணியும் அப்படி வென்றதில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வேஷம் போடுகிறவனுக்குத் தன் முகம் மறந்துபோகும் ஆபத்து நிஜமானது.

எங்கள் மாடியில் அது நடந்தது, தவறு என்னுடையது. இரண்டு வருஷம் முன்னால், குப்பைமேட்டை ஒட்டிய தெருவில் இருந்து வருகிற ஒரு பெண்ணுக்குச் சீட்டு எடுத்ததில் எரியுலை ஆதரவு விழுந்தது. தம்பிக்கு இளைப்பு நோய் உள்ள வீடு. இரண்டு நிமிஷம் பேசினாள், "சுற்றுவட்டார மக்களுக்கு ஏற்படும் பாதிப்பு ஏற்கத்தக்க அளவில்" என்று ஒரு வரி வந்தது, அதோடு நின்றுவிட்டாள். நான் கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் நேரம் இருக்கு, முடி" என்றேன். அவள் முடிக்கவில்லை. தாளை மடித்துவைத்துவிட்டு இறங்கிப் போனாள். அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. அந்த ஒரு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டை மாற்றினோம். தன் வீட்டு வலியைத் தொடுகிற தலைப்பில் எந்தப் பக்கம் பேசுவது என்று அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும், சீட்டு இல்லை. அப்புறம், "அரசு" என்ற ஒற்றை நாற்காலியை எடுத்துவிட்டோம். ஆணையருக்கு ஒரு நாற்காலி, குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளருக்கு ஒன்று, மேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவருக்கு ஒன்று, பக்கத்துத் தெருக்காரருக்கு ஒன்று. திட்டம் வைக்கிற அணி இந்த நாலு பேருடைய கேள்விக்கும் பதில் சொல்லாமல் எங்கள் மாடியில் ஜெயிக்க முடியாது. போட்டிக்குப் போகும்போது அங்கே அவர்கள் விதிதான், வேறு வழியில்லை. ஆனால் பயிற்சி இப்படித்தான்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். வந்ததும் தானாகவே ஆதரவுப் பக்கம் கேட்டாள். வேண்டாம்மா என்றேன். "அவங்க என்ன சொல்லுவாங்கன்னு அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும் சார்" என்றாள். முழு நேரமும் பேசினாள். ஏற்கத்தக்க அளவு என்ற வரியை மட்டும் அடித்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில், எந்த அளவு, யார் அளப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, அளந்ததை எந்தப் பலகையில் எழுதி வைப்பது என்று நாலு வரி இருந்தது.

ரிப்பன் மாளிகையில் யார் கேட்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். மாடியில் பேசுவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டிய சில இடங்கள் உண்டு, அங்கேதான் நம் பக்கம் ஆள் போதவில்லை. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் நடக்கிற கருத்துக்கேட்புக் கூட்டங்களை எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கத்து ஆட்கள் நன்றாக அறிவார்கள். குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். கம்பெனி சார்பில் வருகிறவர் கோட்டு போட்டுக்கொண்டு, திரையில் படம் காட்டிப் பேசுவார். நம் ஆட்கள் மைக்கைப் பிடித்து நெஞ்சு வெடிக்கப் பேசுவார்கள். பேச்சு பதிவாகும். ஆனால் "உங்கள் அறிக்கையில் இத்தனாவது பக்கத்தில் காற்று அளந்தது எந்த மாதம், காற்று எங்கள் பக்கம் வீசாத மாதமா?" என்று கேட்டால் அவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் பதிவாகும். நெஞ்சு வெடிக்கப் பேசுகிறவரும் வேண்டும், பக்கம் பார்த்துக் கேட்கிறவரும் வேண்டும். வார்டுகளில் பகுதி சபைக் கூட்டமும் வந்திருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாடிக்கு வருகிற பிள்ளைகளில் நாலு பேர் இப்போது அப்படிப் போட்டிருக்கிறார்கள். எந்த அலுவலகத்துக்கு, எந்தக் கேள்வி என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் கையெழுத்துக்கூடத் திருத்தவில்லை.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், எனக்கும் அது பிடிக்கும். அதில் நடுவர் இரண்டு பக்கத்தையும் அணைத்துத் தீர்ப்புச் சொல்லி, எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அது வேறு, இது வேறு. 2014 புத்தாண்டை ஒட்டி உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது, பல நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் அது நடந்ததே தெரியாது. அதனால்தான் நாங்கள் தமிழிலேயே செய்கிறோம். வரவு செலவுத் திட்டம், விதி, ஒப்பந்தப்புள்ளி எல்லாவற்றையும் தமிழில் பிடித்துப் பேசப் பழகிய பிள்ளை, அப்புறம் எந்த மொழியிலும் பேசிக்கொள்ளும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைப்பு எண்ணூர்க் கழிமுகம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நம் ஆட்கள் வாளியால் அள்ளினார்களே, அந்த மாதிரி மறுபடி நடந்தால் முதல் ஆறு மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் திட்டம் வைக்கப் போகிறார்கள். துறைமுக நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. அந்த நிர்வாகத்தின் எதிரில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவர் நீங்கள். அவர்கள் எப்படித் தட்டிக் கழிப்பார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? வந்து உட்காருங்கள், பிள்ளைகளை விடாமல் மடக்குங்கள். உங்கள் பேத்தி திட்டம் வைக்கிற அணியில் இருக்கிறாள்.

மாலை நாலு மணிக்கு. மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியும் இல்லை. கீழே டீக்கடையில் நின்று குரல் கொடுங்கள், பையன்கள் வந்து ஏற்றிவிடுவார்கள்.

அன்புடன்.